ஐரோப்பாவுக்கு பனியன் போகுது, வரலாறு மட்டும் வரமாட்டேங்குது!

முதல்லயே சொல்லிடறேன், நான் படிக்கிறது பி.காம். வரலாறு என் மேஜர் இல்லை. "உனக்கெதுக்குடா இந்த வேலை, போய் டேலி படி" என்று பின்னூட்டம் போட நினைக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டவும் :-)

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி பையன் பிளஸ் டூ. நான் எடுத்த அதே தேர்டு குரூப்: வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு. கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பிஸ்மார்க்கை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தான். "இரும்பும் இரத்தமும், இரும்பும் இரத்தமும்" என்று நாலு தடவை. பக்கத்து அறையில் சித்தி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து வீட்டுக்கு எடுத்து வந்த பீஸ் அடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் டி-சர்ட். லேபிளில் இருந்தது ஜெர்மன் பாஷை.

"டேய், இந்த ஜெர்மனி மேப்ல எங்கடா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது கேக்க மாட்டாங்கண்ணா. புக் பேக்ல இல்ல."

சிரிப்பு வந்தது. ரெண்டு நிமிஷம் கழித்து சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அம்மா தைக்கிற துணி போய்ச் சேருகிற நாட்டைப் பற்றி பையன் பக்கம் பக்கமாய் மனப்பாடம் செய்கிறான். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. இந்தப் பதிவு அந்த ரெண்டாவது ஆளைப் பற்றியது.

பாடம் இருக்கு, நடத்தத்தான் ஆள் தயாரில்லை

நம்ம ஊரில் ஐரோப்பிய வரலாறு பாடமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019-ல் வந்த புதிய பனிரெண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 15 பாடம். முதல் ஒன்பது இந்தியா. கடைசி ஆறு நவீன உலகம். மறுமலர்ச்சி, பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, இத்தாலி, ஜெர்மனி ஒருங்கிணைப்பு, ரெண்டு உலகப்போர், ரஷ்யப் புரட்சி, முசோலினி, ஹிட்லர், பனிப்போர். பழைய புத்தகத்தோடு ஒப்பிட்டால் இது கல்லூரி லெவல். எழுதியவர்கள் நிஜமாகவே உழைத்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

புத்தகத்தை மாற்றினார்கள். நடத்துகிறவரை என்ன செய்தார்கள்?

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவர் முதுகலை ஆசிரியர். எம்.ஏ., பி.எட். முடித்து, ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி வருகிறார். அந்தத் தேர்வு 150 கேள்வி. 110 பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. எல்லாமே நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அதாவது ஒரு காரணத்தை இன்னொரு காரணத்தோடு எடைபோட்டு ஒரு பத்தி எழுதுவாரா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. சரியான வட்டத்தை நிரப்பினால் போதும். அப்படித் தேர்ந்தெடுத்தவரிடம் போய், "பிரெஞ்சுப் புரட்சிக்குப் பொருளாதாரம் காரணமா, சிந்தனையாளர்கள் காரணமா என்று பிள்ளைகளை விவாதிக்க வையுங்கள்" என்று புத்தகம் கேட்கிறது. எங்கிருந்து வரும்?

எனக்கு வரலாறு நடத்திய மிஸ் நல்லவர். பள்ளிக்கூடத்தின் பேர் வேண்டாம், அவர் பேரும் வேண்டாம். புதுப் புத்தகம் வந்த வருஷம் நடந்த பயிற்சியைப் பற்றி ஒருநாள் வகுப்பில் சொன்னார். ஒரு ஹால். முன்னாடி ஒரு கருத்தாளர். அந்தக் கருத்தாளருக்கு இன்னொரு ஊரில் வேறொரு கருத்தாளர் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஸ்லைடில் இருந்ததை அவர் வாசித்தார். புத்தகத்தில் இருந்ததுதான் ஸ்லைடிலும் இருந்தது. பதினோரு மணிக்கு டீ. மத்தியானம் வருகைப் பதிவில் கையெழுத்து. "நான் நெப்போலியன் பத்தி ஒரு சந்தேகம் கேட்டேன்ப்பா. 'அதெல்லாம் எக்ஸாம் பாயிண்ட்ல முக்கியம் இல்ல டீச்சர்'னு சொல்லிட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

அதற்கப்புறம் என்ன நடக்கும்? நடக்க வேண்டியதுதான் நடந்தது. தொழிற்புரட்சி என்றால் "பொருத்துக". ஹார்கிரீவ்ஸ் - ஸ்பின்னிங் ஜென்னி. ஆர்க்ரைட் - வாட்டர் ஃபிரேம். கார்ட்ரைட் - விசைத்தறி. ஒரு மார்க். முடிந்தது தொழிற்புரட்சி.

அந்தப் 'பொருத்துக'வுக்கு உள்ளே ஒளிந்திருந்தது நம்ம ஊர்

காலேஜ் சேர்ந்த பிறகு சும்மா நேரம் போகாமல் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். அதில் ஒரு பக்கம் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேளுங்கள்.

உலகத்தின் முதல் பின்னல் எந்திரம் 1589-ல் வந்தது. செய்தவர் வில்லியம் லீ. இடம் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பக்கம் ஒரு கிராமம். காலுறை பின்னும் எந்திரம். அவருக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை, பிழைப்புத் தேடி பிரான்சுக்குப் போனார். ஆனால் அந்த எந்திரம் தங்கிவிட்டது. நாட்டிங்ஹாம், லெஸ்டர், டெர்பி எல்லாம் பின்னலாடை ஊர்கள் ஆயின. நம்ம ஊரில் பாதி போர்டில் 'ஹோசியரி' என்று இருக்கிறதே, அந்தத் தொழிலின் தாய்வீடு அதுதான்.

அங்கே தொழிலாளி வீட்டிலேயே எந்திரம் வைத்துப் பின்னுவார். ஆனால் பல பேருக்கு எந்திரம் சொந்தம் இல்லை. முதலாளியிடம் வாடகைக்கு எடுத்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும். கூலி பீஸ் ரேட். அப்புறம் சில முதலாளிகள் ஒரு வேலை செய்தார்கள். காலுறையை முழுசாக வடிவம் கொடுத்துப் பின்னாமல், அகலமாகத் துணி பின்னி, அதை வெட்டி, தைத்து, மலிவாக விற்றார்கள். சரக்கின் தரம் போச்சு, கூலியும் போச்சு. 1811-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் ராத்திரி ராத்திரியாக எந்திரங்களை உடைக்க ஆரம்பித்தார்கள். லுட்டைட்டுகள் என்று பேர். 1812-ல் எந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சைப் பேசியவர் கவிஞர் பைரன்.

கவனித்தீர்களா? அகலமாகத் துணி பின்னி, வெட்டி, தைப்பது. கட்டிங் மாஸ்டர், சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன். திருப்பூர் முழுக்க இன்றைக்குச் செய்வது அதைத்தான்! எதை எதிர்த்து அவர்கள் தூக்கு மேடை வரைக்கும் போனார்களோ, அந்த முறையில்தான் எங்கள் தெருவே சாப்பிடுகிறது. எந்திர வாடகை, பீஸ் ரேட், ஜாப் ஒர்க், பவர் டேபிள் காண்ட்ராக்ட் எல்லாம் ஓனர் பையனுக்கும் தெரியும், டெய்லர் பையனுக்கும் தெரியும். லண்டனில் படிக்கிற பையனுக்கு ஒரு வாரம் விளக்க வேண்டியதை இங்கே அஞ்சு நிமிஷத்தில் விளக்கலாம். "உங்க வீட்ல யாராச்சும் பீஸ் ரேட்ல வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டால் போதும். எங்கள் வகுப்பில் முக்கால்வாசி கை தூக்கியிருக்கும்.

அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இன்னும் இருக்கிறது. 1833-ல் பிரிட்டனில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஒன்பது வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஜவுளி ஆலையில் வைக்கக்கூடாது (பட்டு ஆலைக்கு மட்டும் விலக்கு). ஒன்பதிலிருந்து பதிமூன்றுக்குள் என்றால் வாரம் 48 மணி நேரம்தான். அமல்படுத்த நாடு முழுக்க நாலே நாலு இன்ஸ்பெக்டர்! பையர் ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் முதலுதவிப் பெட்டி புதுசாகிற ஊரில் வளர்ந்த பையனுக்கு, 'நாலு இன்ஸ்பெக்டர்' என்பது ஜோக்காகப் புரியும், அதே நேரம் ஜோக் இல்லை என்றும் புரியும். அனாதை இல்லங்களில் இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆலைக்குப் பக்கத்திலேயே விடுதி கட்டித் தங்கவைத்தார்கள் அந்தக் கால ஆலைக்காரர்கள். இதைச் சொன்னால் நம்ம பக்கத்து நூற்பாலை ஹாஸ்டல்களும் 'சுமங்கலித் திட்டம்' என்று பேசப்பட்டதும் யாருக்காவது ஞாபகம் வராமல் இருக்குமா? 1831-ல் பிரான்சின் லியோன் நகரில் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக எழுந்தார்கள். 1844-ல் சைலீசியாவில் கைத்தறி நெசவாளர்கள். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்ததும் பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடி, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பருத்திக்காக இந்தியாவைத் தேடி வந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் நின்றதே, அந்த வாரம் இந்தப் பாடத்தை நடத்தியிருந்தால் எந்தப் பையன் தூங்கியிருப்பான்?

ஐரோப்பிய வரலாற்றில் பாதி, ஜவுளி ஊர்களின் வரலாறு. அதைப் படிக்க உலகத்திலேயே நல்ல வகுப்பறை திருப்பூர். நாம்தான் அதை 'பொருத்துக'வில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம்.

அமெரிக்காக்காரன் என்ன பண்றான்?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் ஒரு பாடம் எடுக்கலாம். 'அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்ட்' என்று பேர். அதில் ஐரோப்பிய வரலாறும் உண்டு, சுமார் 1450-லிருந்து இன்று வரை. அந்தத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கடிதம், ஒரு சட்டம், ஒரு படம், ஒரு பேச்சு இப்படி. ஒரு மணி நேரம். படித்து, யார் எதற்காக இதைச் சொன்னார்கள் என்று யோசித்து, உன் வாதத்தை நீ எழுது. மனப்பாடம் மட்டும் பண்ணிப் போனவன் அங்கே முழிப்பான்.

முக்கியமான விஷயம், இதை நடத்துகிற ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் தனிப் பயிற்சி. குறைந்தது 30 மணி நேரம். அந்த ஒரே பாடத்துக்கு. அனுபவமுள்ள இன்னொரு வகுப்பாசிரியர் நடத்துவார். பயிற்சிக்கு வந்தவர்களே மாணவர்கள் எழுதிய விடைகளைத் திருத்திப் பார்ப்பார்கள், பாடத்திட்டம் போடுவார்கள்.

உடனே "அமெரிக்க அடிமை" என்று ஆரம்பிக்காதீர்கள். அங்கேயும் இது எல்லாப் பள்ளியிலும் இல்லை. தேர்வுக்குக் காசு கட்ட வேண்டும், வசதியான ஏரியாவுக்குத்தான் முதலில் போய்ச் சேரும். அதையெல்லாம் காப்பி அடிக்கச் சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கஷ்டமான பாடத்தைக் கொடுத்தால் ஆசிரியருக்கும் அதே அளவு கஷ்டமான பயிற்சியைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பாடத்தை மட்டும் கனமாக்கிவிட்டு, டீயும் கையெழுத்தும் கொடுத்து அனுப்புகிறோம்.

நம்மால் முடியாதா? முடியும். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவத்துக்குப் பருவம் பயிற்சி, கையேடு, செயல்பாடுகள் எல்லாம் கொடுத்தார்கள். அதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அரசு நினைத்தால் மாநிலம் முழுக்க ஆசிரியர்களை உட்காரவைத்துப் பாடத்துக்கேற்ற மாதிரி பயிற்சி கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே காசு இல்லை, அமைப்பு இல்லை என்ற கதை வேண்டாம்.

எதிர்பார்க்கிற திட்டுகளும் பதில்களும்

*"நம்ம வரலாறே நமக்குத் தெரியாது, ஐரோப்பா எதுக்கு?"* கீழடியும் வேண்டும், ஐரோப்பாவும் வேண்டும். நம்மை ஆண்டவன் எப்படி அவ்வளவு பெரிய ஆளானான் என்று தெரியாமல் சுதந்திரப் போராட்டம் மட்டும் எப்படிப் புரியும்? பக்கத்து ஊர் ஈரோட்டுக்காரர் ஒருவர், 1931 கடைசியில் கப்பல் ஏறி ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று ஒரு வருஷம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பெரியாருக்கு ஐரோப்பா தேவைப்பட்டது. அவர் பேரைச் சொல்லி அரசியல் பண்ணுகிற ஊருக்குத் தேவையில்லையா?

*"டீச்சருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. இதுவுமா?"* நியாயமான கேள்வி. எமிஸில் ஏற்றுவது, இலவசப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு. அதனால்தான் சொல்கிறேன், பயிற்சியை இன்னொரு சுமையாக வைக்காதீர்கள். எழுத்து வேலையைக் குறைத்து அந்த நேரத்தைப் படிப்புக்குக் கொடுங்கள். எம்.ஏ. முடித்தவருக்குப் பிறகு ஒரு புத்தகம் படிக்கக்கூட நேரம் விடாமல் "ஆசிரியர் தரம் சரியில்லை" என்று பேசுவது அயோக்கியத்தனம்.

*"நம்ம மாவட்டம்தான் ரிசல்ட்ல டாப்!"* ஆமாம். 2024 பிளஸ் டூ தேர்ச்சியில் 97.45 சதவீதத்தோடு மாநிலத்திலேயே திருப்பூர்தான் முதலிடம். எனக்கும் பெருமைதான். அந்த வெற்றிக்கு ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். ஜெர்மனி எங்கே என்று தெரியாமல் ஜெர்மனி பாடத்தில் பாஸ் ஆக முடிகிறது என்றால், அந்தச் சதவீதம் எதை அளக்கிறது?

*"தேர்டு குரூப் பசங்களுக்கு இதெல்லாம் ஓவர்."* இதைத்தான் என்னால் தாங்க முடியாது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லார் மனசிலும் இருப்பது இதுதான். ஃபர்ஸ்ட் குரூப்புக்கு நீட் கோச்சிங், ஸ்பெஷல் கிளாஸ். தேர்டு குரூப்புக்கு 'மெல்லக் கற்போர் கையேடு'. இவன் எப்படியும் பனியன் கம்பெனிக்குத்தானே போகப் போறான், பாஸ் ஆனாப் போதும் என்ற நினைப்பு. என்னோடு படித்தவர்களில் பல பேர் இன்றைக்குக் கம்பெனியில்தான் இருக்கிறார்கள். செக்கிங்கில் ஒருத்தன், மெர்ச்சண்டைசருக்கு அசிஸ்டெண்டாக ஒருத்தன். இவர்களுக்குத்தானே ஐரோப்பா தேவை? 1978 வாக்கில் ஓர் இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததிலிருந்து இந்த ஊரின் சோறு கடல் தாண்டி வருகிறது. 2001-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஏழை நாடுகளுக்கு வரி விலக்கு கொடுத்ததால் பங்களாதேஷ் சரக்கு வரியில்லாமல் உள்ளே போனது, நாம் வரி கட்டிக்கொண்டு நின்றோம். 2020-ல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2025 ஜூலையில் இந்தியாவோடு தனி ஒப்பந்தம் போட்டது. 2023 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தருகிற இடத்தில் தொழிலாளி எப்படி நடத்தப்படுகிறார் என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சட்டம் திடீரென்று வானத்தில் இருந்து விழவில்லை. 1833-ன் நாலு இன்ஸ்பெக்டரில் இருந்து நூற்றுத் தொண்ணூறு வருஷம் நடந்து வந்த கதை அது. அந்தக் கதை தெரிந்த டெய்லர் தன் உரிமையைக் கேட்பான். தெரியாதவன் ஆடிட் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பான்.

ஒப்பிக்கத்தான் நல்லாப் பழக்கியிருக்கிறோமே.

சரி, என்னதான் பண்ணணும்ங்கறே?

1. வரலாற்று முதுகலை ஆசிரியர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அஞ்சு நாள் பாடப் பயிற்சி. மாவட்டப் பயிற்சி நிறுவனங்களும் அரசுக் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் சேர்ந்து நடத்தட்டும். ஸ்லைடு வாசிக்கிறவர் வேண்டாம். பாடம் தெரிந்த பேராசிரியர் ஒருவர், வகுப்பில் நடத்திக் காட்டிய ஆசிரியர் ஒருவர்.

2. தமிழில் ஆவணத் தொகுப்பு. 1789 மனித உரிமைப் பிரகடனம், 1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் ஆலைத் தொழிலாளர்கள் சொன்ன சாட்சியங்கள், ஒரு கூலிப் பட்டியல், ஒரு கேலிச்சித்திரம். பாடத்துக்கு ஏழெட்டு போதும். இது இல்லாமல் "சிந்திக்க வையுங்கள்" என்று சொல்வது நூல் கொடுக்காமல் துணி பின்னு என்பது மாதிரி.

3. பயிற்சியில் ஒரு நாள் ஹாலை விட்டு வெளியே. ஒரு நிட்டிங் யூனிட், ஒரு நூற்பாலை, ஒரு பழைய தொழிற்சங்கக்காரர். திரும்பி வந்து ஒவ்வொருவரும் ஒரு உள்ளூர்ப் பாடம் எழுதணும். தஞ்சாவூர் ஆசிரியர் நிலமும் பிரெஞ்சு விவசாயியும் எழுதட்டும். தூத்துக்குடி ஆசிரியர் துறைமுகம் எழுதட்டும்.

4. இது ரொம்ப முக்கியம். 90 மார்க் கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வியாவது ஆவணம் கொடுத்துக் கேட்கட்டும். தேர்வு மாறாமல் பயிற்சி மட்டும் மாறினால், வகுப்பறை பழையபடியே ஓடும். ஆசிரியரும் மனிதர்தான், எது மார்க் தருமோ அதைத்தான் நடத்துவார்.

நாலே நாலுதான். ராக்கெட் விடச் சொல்லவில்லை.

சித்தி பையனிடம் அன்று ராத்திரி நாட்டிங்ஹாம் கதையைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு சித்தியும் வந்து கதவோரம் நின்று கேட்டார். எந்திரத்துக்கு வாடகை என்றதும், "அங்கயுமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணா, அப்போ அவங்க பண்ணது சரியா தப்பா?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பி.காம் பையனுக்கு எங்கே தெரியும்? அந்தக் கேள்வியைக் கையில் வாங்கி, அதை வைத்து ஒரு வகுப்பு முழுக்க நடத்தத் தெரிந்த ஒரு ஆசிரியர் அவனுக்கு வேண்டும். மார்ச் பரீட்சைக்குள் கிடைக்க மாட்டார் என்று தெரியும். அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காவது கிடைக்கட்டும்.

டிஸ்கி: இது எந்த ஆசிரியரையும் குறை சொல்ல எழுதிய பதிவு இல்லை. என் மிஸ் இதைப் படித்தால்: மிஸ், அந்த நெப்போலியன் சந்தேகம் என்னன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன், சொல்லுங்க.